ரிசேர்வ் காணிக்குள் போகலாமா? மீன்பிடி, கடற்கரை, கொட்டேஜ் பற்றி எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகள்

கோடை வந்தால் ஒன்ராறியோவில் இருக்கும் எங்கள் சனம் தூண்டிலும் கூலரும் ஏற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போவது வழக்கம். சில வருடங்களுக்கு முன் நாங்களும் அப்படித்தான் கவார்த்தா ஏரிகளில் ஒன்றில் வாடகைப் படகு எடுத்துப் போய், ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் இறங்கி, காய்ந்த கொப்புகளைப் பொறுக்கி நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டினோம். ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் படகில் வந்தார். சத்தம் போடவில்லை. "இது எங்கள் ரிசேர்வ் காணி, யாரிடம் கேட்டு இறங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொல்ல எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியவன், பிறகு நண்பர்கள் கேட்கக் கேட்க எழுதிச் சேர்த்ததுதான் இது. நான் வழக்கறிஞர் இல்லை. பெரும்பாலும் ஒன்ராறியோவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ரிசேர்வ் என்றால் சரியாக என்ன?

ஒரு முதற்குடியின் (ஆங்கிலத்தில் ஃபர்ஸ்ட் நேஷன்) பாவனைக்கும் நன்மைக்கும் என்று ஒதுக்கப்பட்ட காணி. இந்தியன் சட்டத்தின்படி காகிதத்தில் அதன் உரிமை முடிக்குரியது, அதாவது கனடா அரசு அதை அந்த மக்களுக்காக வைத்திருக்கிறது. (சட்டத்தின் பெயரில் இருக்கும் 'இந்தியன்' நம் பக்கத்து இந்தியா அல்ல. 1876இல் வந்த சட்டம், பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்களைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தச் சொல்லைப் பாவிக்கத் தேவையில்லை.) கனடா முழுவதும் 600க்கும் மேற்பட்ட முதற்குடிகள், 3,000க்கும் மேற்பட்ட ரிசேர்வுகள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நாட்டின் நிலப்பரப்பில் ஒரு வீதம்கூட வராது.

ராமா கசினோவுக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஏற்கெனவே ஒரு ரிசேர்வில் கால் வைத்துவிட்டீர்கள். ஒறிலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ராமா முதற்குடியின் காணி அது.

ரொறன்ரோவே பூர்வகுடிகளின் நிலம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் சொல்கிறார்கள்? அப்போ எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இரண்டையும் குழப்பக் கூடாது. காலையில் பிள்ளைகள் கேட்பது பாரம்பரிய நிலப்பரப்பு பற்றி: அந்த மக்கள் காலங்காலமாக வாழ்ந்து, வேட்டையாடி, பிறகு ஒப்பந்தம் செய்த அல்லது செய்யாமலே இழந்த நிலம். ரொறன்ரோ நிலத்துக்கு 1787இலும் 1805இலும் எழுதிய ஒப்பந்தம் எவ்வளவு கோளாறானது என்றால், 2010இல் கனடா அரசு மிசிசாகாஸ் ஒஃப் த கிரெடிட் முதற்குடிக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்துத்தான் அந்தக் கணக்கைத் தீர்த்தது. அப்படியான பாரம்பரிய நிலத்தில் வீடு வாங்கி இருப்பது சட்டப்படி அத்துமீறல் ஆகாது. ரிசேர்வ் வேறு. அதற்கு அளந்த எல்லை இருக்கிறது, அதற்குள் யார் குடியிருக்கலாம், யார் பாவிக்கலாம் என்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

எல்லை எங்கே என்று எப்படித் தெரியும்? வேலி ஒன்றையும் காணோமே?

வேலி இருக்காது. பெருந்தெருவில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும், அவ்வளவுதான். காட்டுப் பாதையிலோ தண்ணீரிலோ வந்தால் அதுவும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் கிடுகுவேலி பார்த்து வளர்ந்த எங்களுக்கு வேலி இல்லாத நிலம் யாருடையதும் இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. எங்களுக்கு அந்தத் தீவில் நடந்ததும் அதுதான்.

கனடாவின் இயற்கை வள அமைச்சு இணையத்தில் வைத்திருக்கும் கனடா நில அளவை வரைபடத்தில் எல்லா ரிசேர்வுகளின் எல்லையும் இருக்கிறது. கூகிள் வரைபடத்தில் வேறு நிறத்தில் ஒரு துண்டு தெரிந்தால் அதையும் கவனியுங்கள், ஆனால் சின்னத் தீவுகள் அதில் ஒழுங்காகத் தெரிவதில்லை. முக்கியமாக ஒன்று: கவார்த்தா, ட்ரென்ட் நீர்வழியில் இருக்கும் பல தீவுகள் சேர்ந்து ஒரே ரிசேர்வ். ஐலண்ட்ஸ் இன் த ட்ரென்ட் வோட்டர்ஸ் 36ஏ என்று அதற்குப் பெயர். கேர்வ் லேக், ஹயவாதா, ஸ்குகோக் ஐலண்ட் ஆகிய மூன்று முதற்குடிகளுக்கும் பொதுவானது. ஆள் இல்லை, வீடு இல்லை, பலகை இல்லை என்பதால் அது பொதுக் காணி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்போ உள்ளே கால் வைத்தாலே குற்றமா? கார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாதா?

பயப்படத் தேவையில்லை. பொதுத் தெருவில் ஓட்டிப் போகலாம். கடை, பெற்றோல் நிலையம், கைவினைக் கூடம், கசினோ, கட்டணம் வாங்கும் முகாம் இடம் என்று சனத்தை வரவேற்கும் இடங்களுக்குத் தாராளமாகப் போகலாம். கேர்வ் லேக்கில் இருக்கும் வெட்டங் ஒஜிப்வா கைவினை நிலையம், ரைஸ் லேக் பக்கம் ஆல்டர்வில் முதற்குடி பராமரிக்கும் கறுப்பு ஓக் புல்வெளி, புரூஸ் தீபகற்பத்தில் கேப் குறோக்கர் முகாம் எல்லாம் வெளியாருக்குத் திறந்திருப்பவை. நண்பரின் வீட்டுக்கு அவர் கூப்பிட்டுப் போவதும் அத்துமீறல் இல்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், யாரும் கூப்பிடாத இடத்தில் இறங்குவது, கூடாரம் அடிப்பது, காட்டுக்குள் போவது, குவாட் வண்டியும் ஸ்னோமொபீலும் ஓட்டுவது, பிரத்தியேகத் தெரு என்று எழுதியிருந்தும் திரும்பாமல் போவது, போகச் சொன்ன பிறகும் நிற்பது. 2020இல் கோவிட் வந்தபோது பல முதற்குடிகள் வெளியாருக்குத் தெருக்களையே மூடின, கிராண்ட் ரிவர் சிக்ஸ் நேஷன்ஸும் அப்படிச் செய்தது. முதியவர்களைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. அப்படி ஒரு அறிவித்தல் இருந்தால் வழக்கமாகத் திறந்திருக்கும் இடத்துக்கும் போக முடியாது.

அத்துமீறினால் தண்டனை என்ன?

மூன்று விதமான சட்டம் இருக்கிறது, எது பொருந்தும் என்பது இடத்தைப் பொறுத்தது.

இந்தியன் சட்டத்தின் 30ஆம் பிரிவு: ரிசேர்வில் அத்துமீறி நுழைபவருக்கு 50 டொலர் வரை தண்டம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிட 31ஆம் பிரிவின் கீழ், அத்துமீறிக் குடியிருப்பவரையோ காணியைப் பாவிப்பவரையோ எதிர்த்துச் சட்டமா அதிபர் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், நட்டஈடும் கேட்கலாம்.

அடுத்தது அந்தந்த முதற்குடியின் நிர்வாக சபை போடும் உபவிதிகள். 81ஆம் பிரிவு சபைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது: அத்துமீறுபவர்களை வெளியேற்றுவது, போக்குவரத்து, தெரு வியாபாரம், ரிசேர்வில் மீனையும் வேட்டை விலங்குகளையும் பாதுகாப்பது எல்லாம் அதற்குள் வரும். தண்டம் 1,000 டொலர் வரை, சிறை 30 நாள் வரை. முன்பு இந்த உபவிதிகளை ஒட்டாவாவில் அமைச்சர் நினைத்தால் நிராகரிக்கலாம். 2014இல் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது சபை தானே நிறைவேற்றி, தன் இணையத்தளத்திலோ முதற்குடிகளின் கசெற்றிலோ பத்திரிகையிலோ வெளியிட்டால் போதும். ஆகவே போகிற இடத்தின் இணையத்தளத்தை ஒருதரம் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, சொந்த நிலச் சட்டம் வைத்திருக்கும் முதற்குடிகள். 1996இல் 14 முதற்குடிகள் கனடா அரசோடு ஒரு உடன்படிக்கை செய்தன, 1999இல் அதற்குச் சட்டம் வந்தது. இதில் சேர்ந்து தங்கள் நிலச் சட்டத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றிய முதற்குடிகளுக்கு இந்தியன் சட்டத்தின் நிலம் பற்றிய பகுதிகள் பொருந்தாது. அவர்களே விதி எழுதுகிறார்கள், தண்டமும் அவர்களே வைக்கிறார்கள். இன்று இப்படி நூற்றுக்கும் மேல். சிம்கோ ஏரியில் ஜோர்ஜினா ஐலண்டும் போர்ட் பெரிக்குப் பக்கத்தில் ஸ்குகோக் ஐலண்டும் முதலில் சேர்ந்த 14இல் உள்ளவை. எங்கள் ஆட்கள் அதிகம் போகும் இரண்டு இடங்கள்!

இதெல்லாம் போக, நாட்டின் குற்றவியல் சட்டம் ரிசேர்விலும் அப்படியே இருக்கிறது. களவு, சொத்துச் சேதம், மிரட்டல் எல்லாவற்றுக்கும் வெளியில் என்னவோ அதுவேதான்.

50 டொலர்தானே? பார்க்கிங் டிக்கெட்டே அதைவிடக் கூட!

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த 50 டொலர், பணத்துக்கு வேறு பெறுமதி இருந்த காலத்தில் எழுதியது, யாரும் அதைத் திருத்தவில்லை. தண்டம் சிறியதாக இருப்பது அந்தக் காணிக்கு மதிப்பில்லை என்பதால் அல்ல, அந்த மக்களின் முறைப்பாட்டை ஒட்டாவா எவ்வளவு காலம் கணக்கில் எடுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1763இல் பிரித்தானிய மன்னரின் பிரகடனமே அவர்கள் நிலத்தில் அனுமதியின்றிக் குடியேறியவர்களை எழும்பிப் போகச் சொல்லியிருந்தது. 1850இல் மேல் கனடாவில், அத்துமீறலிலிருந்து அவர்கள் காணியைப் பாதுகாக்க என்றே ஒரு சட்டம் வந்தது. சட்டம் இருந்தது, பிடிக்க ஆள் இல்லை. மரம் வெட்டியவர்கள் வெட்டினார்கள், குடியேறியவர்கள் இருந்துவிட்டார்கள், பிறகு "அவர்கள்தான் ஏற்கெனவே இருக்கிறார்களே" என்று சொல்லி அந்த நிலத்தையே விற்கச் சொன்னார்கள்.

இன்றும் பல சபைகளின் மனக்குறை இதுதான். உபவிதி எழுதிவிடலாம், ஆனால் பொலிஸ் அதை அமுல்படுத்த முன்வர வேண்டும், அரச வழக்குத்தொடுநர் வழக்கை எடுக்க வேண்டும், இரண்டும் பல இடங்களில் நடப்பதில்லை. 2021இல் பாராளுமன்றக் குழு ஒன்று இதைப் பற்றியே விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஆகவே "பிடிபட்டால் எவ்வளவு" என்று கணக்குப் பார்த்தால் உண்மையில் சின்னக் கணக்குத்தான் வரும். எங்கள் வளவுக்குள் ஒருவன் கேட்காமல் வந்து மாங்காய் பிடுங்கினால் நாங்கள் மாங்காயின் விலையையா பார்ப்போம்?

என்னிடம் ஒன்ராறியோ மீன்பிடி லைசன்ஸ் இருக்கிறது. அது போதாதா?

போதாது. மாகாண லைசன்ஸ் மீன் பிடிக்க உரிமை தருகிறது, யாருடைய காணிக்குள்ளும் போக உரிமை தருவதில்லை. ஒரு விவசாயியின் தோட்டத்துக்குள்ளால் கேட்காமல் போய் ஆற்றில் தூண்டில் போட முடியாது, அதேபோல்தான். ரிசேர்வின் கரையில் நிற்பதற்கும், படகை இழுத்துக் கரையேற்றுவதற்கும், தீவில் இறங்குவதற்கும் அந்த முதற்குடியின் அனுமதி வேண்டும். சில இடங்களில் அவர்களே நாள் அட்டை விற்கிறார்கள், சில இடங்களில் வெளியாருக்கு முற்றாக இல்லை. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஏரிக்குப் போகிற வழி யாருடைய கரை வழியாக என்று பாருங்கள்.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இதே பதில், துவக்கு இருப்பதால் இன்னும் கண்டிப்பாக.

சீசன் மூடியிருக்கும்போதும் அவர்கள் மட்டும் பிடிக்கிறார்களே, அது என்ன நியாயம்?

ஏரிக்கரையில் நான் அடிக்கடி கேட்கும் முணுமுணுப்பு. 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கிறது. 1990இல் ஸ்பாரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், உணவுக்காகவும் சடங்குக்காகவும் மீன் பிடிப்பது அவர்களின் உரிமை, மீன்வளப் பாதுகாப்புக்கு அடுத்தபடியாக அதற்குத்தான் முன்னுரிமை என்று சொன்னது. விளையாட்டாகத் தூண்டில் போடும் நாங்கள் அதற்குப் பிறகுதான்.

ரொறன்ரோவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு கதை தெரிய வேண்டும். 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்ற பெயரில் ஏழு முதற்குடிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் ஏரிகளிலேயே மீன் பிடித்ததற்காகவும் வேட்டையாடியதற்காகவும் பிடிபட்டு நீதிமன்றம் ஏறினார்கள், இரவில் ஒளித்துப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சமைத்தார்கள். 2018இல்தான் கனடாவும் ஒன்ராறியோவும் 1.1 பில்லியன் டொலர் நட்டஈடு கொடுத்து, மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் அவர்களுக்கிருந்த உரிமையையும் மீள அங்கீகரித்து, மன்னிப்புக் கேட்டன. ரைஸ் லேக்கில் ஒருவர் வலை வீசுவதைப் பார்த்தால் அவருடைய பாட்டன் அதே இடத்தில் பிடிபட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல், கொஞ்சம் விறகு, ஒரு செடி எடுத்தால் என்ன?

இந்தியன் சட்டத்தின் 93ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கனிமம், கல், மணல், சரளை, களி, மண், மரம், இளமரம், புதர், விறகு, வைக்கோல் வரை பட்டியல் போட்டு, எழுத்து மூல அனுமதி இல்லாமல் ரிசேர்விலிருந்து கொண்டுபோனால் 500 டொலர் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. அத்துமீறலைவிட இதற்குப் பத்து மடங்கு தண்டம், பார்த்தீர்களா? காளானும் காட்டு வெங்காயமும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை, அதற்காகப் பிடுங்கலாம் என்று அர்த்தம் இல்லை. இனிப்புப் புல், சேஜ் மாதிரியான செடிகள் அவர்களுக்கு மருந்தும் வழிபாடும். எங்கள் துளசி மாடத்தில் யாரோ வந்து துளசியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

செதுக்கிய கம்பம், கல்லறைக் கம்பம், ஓவியம் கீறிய பாறை போன்றவற்றை அமைச்சரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வாங்குவதும் எடுப்பதும் 91ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

கடற்கரை எல்லாருக்கும் பொதுதானே? சோபிள் பீச்சில் ஏன் பிரச்சினை?

எல்லாக் கரையும் பொதுக் கரை இல்லை. ஹியூரோன் ஏரிக்கரையில் இருக்கும் சோபிளின் தெற்குப் பகுதி நீண்ட காலமாகவே சோகீன் முதற்குடியின் ரிசேர்வ். அதற்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளத் துண்டைப் பற்றித்தான் வழக்கு. 1854இல் செய்த 72ஆம் ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்த எல்லையை, அடுத்த வருடம் அளந்தவர்கள் குறைத்து அளந்துவிட்டார்கள் என்பது சோகீன் மக்களின் வாதம். 2023 ஏப்ரலில் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அது அவர்களுடையதுதான் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 170 வருடம்!

போகிறவர்களுக்கு நடைமுறையில் என்ன? அங்கே விதியும் பார்க்கிங் கட்டணமும் யார் வைக்கிறார்கள் என்பதைப் பலகையில் வாசித்து அதன்படி நடங்கள். மணல்மேட்டில் ஏறாதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள் என்றிருந்தால் கேளுங்கள். "போன வருடம் சும்மா விட்டார்களே" என்று வாதாடுவதில் அர்த்தம் இல்லை.

குப்பை?

எந்தக் காணியிலும் கொட்டக் கூடாது, இதை எழுத வேண்டியிருப்பதே கவலை. ரிசேர்வில் அனுமதியின்றிக் கழிவு கொட்டுவதைத் தடுக்கத் தனி ஒழுங்குவிதியே இருக்கிறது. வீடு திருத்துகிற சிலர் பழைய டிரைவோலையும் ரயரையும் கொண்டுபோய் ரிசேர்வ் தெருவோரம் தள்ளிவிட்டு வருகிறார்கள், செலவு மிச்சம் என்று. அந்த இடங்களில் சிலதில் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது.

அங்கே காணி வாங்கலாமா? கொட்டேஜ் மலிவாகக் குத்தகைக்கு வருகிறதே?

வாங்க முடியாது. குத்தகை எடுக்கலாம், ஆனால் சரியான வழியில் மட்டும்.

இந்தியன் சட்டத்தின் 28ஆம் பிரிவைக் கட்டாயம் தெரிந்திருங்கள். முதற்குடியின் அங்கத்தவர் அல்லாத ஒருவருக்கு ரிசேர்வ் காணியில் இருக்கவோ பாவிக்கவோ சபையோ அங்கத்தவரோ எழுதிக் கொடுக்கும் உறுதி, குத்தகை, ஒப்பந்தம், எதுவுமே செல்லாது. அமைச்சர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் ஒரு வருடம் வரை, சபையும் சம்மதித்தால் அதற்கு மேல். நீண்ட காலக் குத்தகைக்கு வேறு முறைகள் இருக்கின்றன, அவை எல்லாம் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். நிலச் சட்டம் வைத்திருக்கும் முதற்குடி என்றால் அதன் சட்டப்படி.

பதிவில்லாத கைக்குத்தகைக்கு இங்கே 'பக்ஷீ லீஸ்' என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆம், நம் ஊரில் பக்ஷீஸ் என்கிறோமே, அதே சொல் பட்டாளத்து ஆங்கிலம் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஒருவரோடு கைகுலுக்கி, காசைக் கொடுத்து, வீடும் கட்டிவிடுவார்கள். அவர் இறந்தாலோ சபை கேள்வி கேட்டாலோ கையில் இருப்பது செல்லாத காகிதம். அப்போது நீங்களே அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிவிடுவீர்கள். காசு கொடுக்க முதல், ரிசேர்வ் காணிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண வீடு வாங்கும் வழக்கறிஞர் எல்லாருக்கும் இது தெரியாது. குத்தகை முடிந்தால் காணி திரும்பிப் போய்விடும், கட்டிய வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் வாசியுங்கள்.

மலிவு சிகரெட் வாங்கலாமா?

வரி முத்திரை இல்லாத சிகரெட்டை முதற்குடி அல்லாதவர் ஒன்ராறியோவில் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். வரிவிலக்கு அவர்களுக்கு உரியது, கடைக்கு வந்தவர் எல்லாருக்கும் அல்ல. மதுவும் அப்படித்தான், சில ரிசேர்வுகள் மதுவை முழுதாகத் தடை செய்திருக்கின்றன. அங்கே கார் பூட்டில் இருக்கும் ஒரு போத்தலும் பிரச்சினை.

பவ்வவ் (முதற்குடிகளின் ஆட்டமும் பாட்டும் சேர்ந்த விழா) பார்க்கப் போகலாமா? படம் எடுக்கலாமா?

போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிக்ஸ் நேஷன்ஸில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் பவ்வவுக்கு எல்லாரையும் வரவேற்கிறார்கள். அறிவிப்பாளர் சொல்வதைக் கவனியுங்கள்: சில ஆட்டங்களுக்குப் படம் எடுக்க வேண்டாம் என்பார், எழும்பி நிற்கச் சொல்வார், தொப்பியைக் கழற்றச் சொல்வார். ஆடுபவர் அணிந்திருப்பதை வேஷம் என்று சொல்லாதீர்கள், தொடாதீர்கள். ஒருவரைத் தனியாகப் படம் எடுப்பதென்றால் கேளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மயானங்கள், பழைய வதிவிடப் பாடசாலைகள் இருக்கும் இடங்களுக்கு?

கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போகாதீர்கள். ரைஸ் லேக் கரையில் ஹயவாதா முதற்குடியின் காணியில் பாம்பு வடிவில் 60 மீற்றர் நீளத்துக்கு ஒரு மண்மேடு இருக்கிறது, ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முந்தியது. அதற்குள் இருப்பவர்கள் முன்னோர். முன்பு அதைச் சுற்றி முகாம் போட்டு விளையாடியிருக்கிறார்கள்.

இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த பழைய வதிவிடப் பாடசாலை வளவில் பிள்ளைகளின் அடையாளமற்ற கல்லறைகள் இருக்கலாம் என்ற அறிவிப்பு வந்த பிறகு, சிலர் நம்பாமல், தாங்களே பார்க்க வேண்டும் என்று இரவில் மண்வெட்டியோடு அந்தக் காணிக்குள் போயிருக்கிறார்கள். அரசு நியமித்த சிறப்பு அதிகாரி கிம்பர்லி மறே 2023இல் கொடுத்த இடைக்கால அறிக்கையில் இது இருக்கிறது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரை எங்கள் மண்ணிலும் தெருவோரம் பார்த்தவர்கள் நாங்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒருவர் வந்து "போங்கள்" என்றால் என்ன செய்வது?

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போங்கள். நெருப்பை அணையுங்கள், பிடித்த மீனை என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்டி வாதாடுவதற்கு அது இடம் இல்லை.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2007இல் சிம்கோ ஏரிப் பக்கமும் வேறு இடங்களிலும் ஆசியர்கள் மீன் பிடிக்கும்போது தள்ளி விழுத்தி, அடித்து, துரத்திய சம்பவங்கள் நடந்தன. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு அதை விசாரித்தது. அந்தப் பயம் எங்கள் ஆட்களுக்கும் இருக்கிறது, நியாயமான பயம். பொதுப் பாலத்தில் நிற்கும் உங்களைத் தோல் நிறத்துக்காக ஒருவன் துரத்தினால் பொலிஸைக் கூப்பிடுங்கள். தன் காணியில் நிற்கும் ஒருவர் "யாரிடம் கேட்டீர்கள்" என்பது அது அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "எல்லாரும் எங்களைத் துரத்துகிறார்கள்" என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அவர்களுக்கு மட்டும் ஏன் தனிக் காணி? நாங்களும் வரி கட்டுகிறோமே?

கொடுத்த காணி இல்லை அது, எடுத்தது போக மிஞ்சியது. மிஞ்சியதையும் நிம்மதியாக வைத்திருக்க விடவில்லை. 1885க்குப் பிறகு மேற்கில் பல ரிசேர்வுகளில் அரச அதிகாரியிடம் துண்டு வாங்காமல் அந்த மக்களே வெளியில் போக முடியாது. அதற்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை, ஆனாலும் பல பத்தாண்டு நடந்தது. 1927இலிருந்து 1951 வரை, காணிக்காக வழக்குப் போடக் காசு சேர்ப்பதே அரசின் அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

எனக்கு மனதை உலுக்கியது ஸ்டோனி பொயின்ற். ஹியூரோன் ஏரிக்கரையில் இருந்த ரிசேர்வ். 1942இல் போர்க்காலச் சட்டத்தின் கீழ் இராணுவ முகாமுக்கென்று எடுத்தார்கள், போர் முடிந்து தேவையில்லை என்றால் திருப்பித் தருவோம் என்றார்கள். குடும்பங்கள் எழும்பிப் போயின, மயானம் உள்ளே கிடந்தது. போர் முடிந்தது, காணி வரவில்லை. 1993இல் மக்கள் தாங்களாகவே திரும்பிப் போய்க் குடியேறத் தொடங்கினார்கள். 1995 செப்டெம்பர் 6ஆம் திகதி பக்கத்து இப்பர்வோஷ் பூங்காவில் நின்ற டட்லி ஜோர்ஜ், கையில் ஆயுதம் இல்லாத ஒருவர், மாகாணப் பொலிஸின் சூட்டில் இறந்தார். 2007இல் விசாரணை அறிக்கை வந்தது, 2016இல்தான் நட்டஈட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீட்டை விட்டுவிட்டு, முட்கம்பிக்கு வெளியில் நின்று தங்கள் கிணற்றைப் பார்த்த ஆட்கள் ஸ்காபரோவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், "ஏன் தனிக் காணி" என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.

சரி, யாரிடம், எப்படி அனுமதி கேட்பது?

பாண்ட் ஒஃபிஸ் என்று சொல்லும் சபை அலுவலகத்தில். ஒவ்வொரு முதற்குடிக்கும் இணையத்தளமும் தொலைபேசியும் இருக்கும். காணிப் பிரிவு அல்லது வளப் பிரிவு என்று கேளுங்கள். வார நாட்களில் எடுங்கள், சனிக்கிழமை காலை படகை இறக்கிவிட்டு எடுத்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எத்தனை பேர், எந்த நாள், என்ன செய்யப் போகிறோம், எங்கே இறங்கலாம் என்று நேராகச் சொல்லுங்கள். கட்டணம் இருந்தால் கட்டுங்கள், எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். இல்லை என்றால் இல்லைதான், காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ரிசேர்வ் குடியிருப்பாளர் ஒருவர் வாயால் "பரவாயில்லை" என்றாலும், அது அவருடைய முற்றத்துக்குத்தான் பொருந்தும், முழுக் காட்டுக்கும் அல்ல.

அந்தத் தீவுச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் நான் இப்படி எடுத்தேன். தொலைபேசியில் பேசிய பெண் பத்து நிமிடம் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் கேட்ட தீவுக்கு அனுமதி இல்லை, பொதுப் படகுத்துறை ஒன்றின் பெயரைச் சொல்லி அங்கிருந்து போகச் சொன்னார். வைக்கும் முன், "ஓகஸ்ட் கடைசியில் வந்தால் குடாவில் நீட்டாக நிற்கும் புல்லுக்குள் மோட்டரை விடாதீர்கள், அது புல் இல்லை, எங்கள் காட்டரிசி" என்றார். நாங்கள் போனபோது கதிர் முற்றி நின்றது. மோட்டரை நிறுத்தி, துடுப்புப் போட்டு, சுற்றித்தான் போனோம்.